இரண்டாம் பிரதிவாதி

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி, கைப்பிடி முறிந்த கருவி ஒன்றை மொபெட்டின் முன்னால் கட்டிக்கொண்டு கடலூரில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். "உங்க மெஷின்தான். வாங்கி மூணு மாசங்கூட ஆவல, ஒடிஞ்சிபோச்சு. ஒரு வெல்டு அடிச்சிக் குடுங்க," என்றார். கோபித்துக்கொண்டு கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏமாந்துபோன சலிப்போடு கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

கையில் எடுத்த உடனேயே தெரிந்துவிட்டது, அது என் பட்டறையில் செய்தது இல்லை.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கரும்பைத் துண்டு துண்டாக நடாமல், கணுவில் இருக்கும் பருவை மட்டும் சீவி எடுத்துக் குழித்தட்டில் நாற்று வளர்த்து நடுவது எங்கள் பக்கத்தில் இப்போது பரவலாகிவிட்டது. பருவைச் சீவுவதற்கு ஒரு கைக்கருவி உண்டு. கரும்பை வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் வளைந்த கத்தி இறங்கிப் பருவைத் தோண்டி எடுக்கும். சாதாரணக் கருவியில் ஒரு தொல்லை. கரும்பு தடிமனாக இருந்தால் கத்தி ஆழமாகப் போய்விடும், மெலிந்திருந்தால் மேலாகச் சீவிப் பருவைக் காயப்படுத்தும். நான் செய்த கருவியில் கரும்பு உட்காரும் இடத்துக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் உண்டு. அந்த இடத்தைப் பட்டறையில் தொட்டில் என்போம். கரும்பின் பருமனுக்கு ஏற்ப தொட்டில் இறங்கிக்கொடுக்கும்.

அந்த ஸ்பிரிங் தொட்டிலுக்குத்தான் பேட்டன்ட். அது என்னுடையது இல்லை. சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் மேடம் ஒருவர் தன் சொந்தப் பெயரில் வாங்கியது. செய்து விற்பதற்கு எனக்கு மட்டும் லைசென்ஸ் கொடுத்திருந்தார், வேறு யாருக்கும் கிடையாது என்ற நிபந்தனையோடு. என் பட்டறையில் ஐந்து பேர் வேலை செய்தோம். ஐந்து பேர் வீட்டு அடுப்பும் அந்த ஒரு கருவியை நம்பித்தான் எரிந்தது.

விவசாயி கொண்டுவந்த கருவியில் பேட்டன்ட் எண் பொறித்த தகடு இல்லை. வெல்டிங் கட்டி கட்டியாக இருந்தது. ஆனால் அடியில் ஸ்பிரிங் தொட்டில் அப்படியே இருந்தது. அதைக்கூட நான் ஒருவிதமாகச் செரித்துக்கொண்டிருப்பேன். பேட்டன்ட் என்றால் ரகசியத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். மேடம்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். "அது நேர்மாறுங்க. இப்பிடித்தான் செஞ்சேன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டிட்டு, ஆனா யாரும் செய்யக்கூடாதுன்னு சொல்றது." ஆக, படத்தைப் பார்த்து எந்தத் திருடனும் ஸ்பிரிங்கை வைத்துவிடலாம்.

ஆனால் தொட்டிலின் இடது பக்கத்தில் சாய்வாக ஒரு துளை இருந்தது. அது பேட்டன்ட் படத்தில் இல்லாதது. நாள் முழுக்கக் கரும்பு சீவினால் சாறும் மண்ணும் சேர்ந்து ஸ்பிரிங் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் கழுவி வடியவிட நான் யோசித்துப் போட்ட துளை அது. புது மாடலில் மட்டும் போட்டேன். அதைப் போடலாமா என்று நான் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆள் மேடம்தான்.

விவசாயிக்கு வெல்டு அடித்துக் கொடுத்தேன். எங்கே வாங்கியது என்று கேட்டேன். "எங்க மச்சான் காட்டுமன்னார்கோயில்ல வாங்கியாந்தாரு. டிராக்டர் சாமான் விக்கிற கடை," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

சந்தேகம் எனக்குப் புதிதாக வந்த வியாதி இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் இவன் ஏன் திடீரென்று நம்மைக் கூப்பிடுகிறான் என்று யோசிப்பேன். என் மனைவி சொல்வாள்: "கோயில்ல குடுக்கற துன்னூறுகூட உங்களுக்குக் கலப்படமாத்தான் தெரியும்." பட்டறையிலும் அப்படித்தான். கத்தி தீட்டுகிறவருக்குத் தொட்டிலின் அளவு தெரியாது. தொட்டில் செய்கிறவருக்கு ஸ்பிரிங் எங்கே வாங்குகிறோம் என்று தெரியாது. ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் பூட்டுகிற வேலையை நானும் என் மச்சானும் மட்டும் செய்வோம். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பத்து வருடமாக என்னோடுதான் இருக்கிறான்.

அதனால் முதல் சந்தேகம் அவன்மேல்தான் விழுந்தது. நேராகக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஸ்பிரிங்கை மாற்றப்போகிறோம், கோயம்புத்தூரிலிருந்து தடிமன் ஜாஸ்தியான கம்பி வருகிறது, யாரிடமும் சொல்லாதே என்று ஒரு பொய்யை அவனிடம் மட்டும் அவிழ்த்துவிட்டேன். அது வெளியே எங்காவது தலைகாட்டுகிறதா என்று காத்திருந்தேன். நான்காம் நாள் அவனே வந்து நின்றான்.

"மாமா, கோயம்புத்தூர் கம்பி, கோயம்புத்தூர் கம்பின்னு டெய்லி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கீங்க. என்னைய வேவு பாக்கறீங்களா?"

விவசாயி வந்த கதையைச் சொன்னேன். அவன் முகம் சிறுத்துவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு, "அதை மொதல்லயே சொல்லியிருந்தா நேத்தே காட்டுமன்னார்கோயில் போயிட்டு வந்திருப்பேன்ல," என்றான். அத்தோடு அவன்மேல் இருந்த சந்தேகம் போனது. போனது என்றால், அடுத்த ஆள்மேல் போய் உட்கார்ந்தது.

மறுநாள் இரண்டு பேரும் பைக்கில் காட்டுமன்னார்கோயில் போனோம். வீராணம் கரையில் காற்று ஆளைத் தள்ளியது. நான் கரும்பு விவசாயியாக நடிப்பது என்று ஏற்பாடு. தோளில் ஒரு துண்டும் போட்டிருந்தேன். கடைக்காரர் கருவியை எடுத்துக் கொடுக்கும்போது என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் எல்லாம் பத்து வருடத்துக் கிரீஸ்.

"இன்னா, கரும்புல கிரீஸ் வருதா?" என்றார்.

"டிராக்டர் பிரிச்சிப் போட்டுக் கெடக்குதுண்ணே. அதோட மல்லுக்கட்டிட்டுத்தான் வராரு," என்று மச்சான் முந்திக்கொண்டான்.

பில் போட்டு ஒன்று வாங்கினோம். யார் செய்வது என்று மெல்ல வாயைக் கிளறினேன். அவர் ஒளிக்கவே இல்லை. "ரைஸ்மில்லுக்குப் பின்னால ஒரு தம்பி பட்டறை வச்சிருக்கான். இன்ஜினியரிங் படிச்ச புள்ள. சிதம்பரத்துல படிச்சான்." எந்தக் காலேஜ் என்று கேட்டேன். மேடம் பாடம் நடத்தும் கல்லூரியின் பெயரைச் சொன்னார்.

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? மாணவனைக் கூப்பிட்டுக் கள்ளத்தனமாகச் செய்யச் சொல்லியிருக்கிறார், துளையைப் பற்றியும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். திரும்பி வரும் வழியெல்லாம் மச்சானிடம் அதையே பேசிக்கொண்டு வந்தேன். "மாமா, அந்தக் காலேஜ்ல ஆயிரம் பேரு படிக்கிறான்," என்று அவன் ஒரு தடவை சொன்னான்.

மேடத்துக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்ட விதத்தை இங்கே சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் அவரே கருவியின் மாதிரியை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கடலூருக்கு வந்தார். எனக்கு முன்னால் மூன்று பட்டறைகளில் கேட்டிருக்கிறார். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்கிற மாதிரி சிரித்திருக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் சம்மதிக்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன், இதில் என்ன வில்லங்கம் என்று தேடி. ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்தேன். அதில் ஒரு வரி: காப்பி எதுவும் கண்ணில் பட்டால், பார்த்தவர் உடனே மற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த வரியைப் படித்துவிட்டு, என்னைத்தான் மிரட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு தடவை வந்து, சென்னைக்குப் பேப்பர் அனுப்ப வேண்டும், ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். அந்த ஆபீஸ் இங்கிலீஷ் பாதி புரியவில்லை; மூன்று தடவை படித்துவிட்டு, நோட்டரியிடமும் காட்டிவிட்டுத்தான் போட்டேன். அவர் அதுவரைக்கும் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவரிடம் போய், மேடம், காட்டுமன்னார்கோயிலில் காப்பி விற்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு போன் போட்டால் முடிந்தது. நான் வேவு பார்க்கத்தான் போனேன்.

சிதம்பரத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் அவர் வீடு. அம்மாவும் அவரும் மட்டும். அம்மா காபி கொடுத்தார். நான் காபியைக் குடிக்காமல் அறையை அளந்துகொண்டிருந்தேன். மேஜைமேல் ஒரு கூரியர் உறை கிடந்தது. அனுப்பியவர் முகவரியில் காட்டுமன்னார்கோயில் என்று இருந்ததைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். அவர் போன் அடித்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

"சேல்ஸ் எப்பிடிங்க போவுது?" என்று கேட்டார்.

"கொஞ்சம் டல்லுதான் மேடம்."

"ஏன்? நடவு சீசன்தானே இப்ப." கொஞ்சம் யோசித்தார். "வேற யாராச்சும் இதே மாதிரி செஞ்சி விக்கறாங்களா? உங்க காதுல ஏதாச்சும் விழுந்துச்சா?"

நேராகக் கேட்டார். என் கண்ணைப் பார்த்தே கேட்டார். எனக்கு எவ்வளவு தெரியும் என்று ஆழம் பார்க்கிறார் என்றுதான் தோன்றியது.

"அப்பிடி யாரும் இல்ல மேடம்," என்றேன்.

"இருந்தாச் சொல்லுங்க. வுடக்கூடாது," என்றார். அந்தப் பேச்சில் இருந்த சூடுகூட நடிப்பாகத்தான் என் காதில் விழுந்தது. ஆறிப்போன காபியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கடலூரில் கோர்ட்டுக்கு எதிரே மாடியில் என் வக்கீலின் அறை. மின்விசிறி சுற்றினால் காகிதம் பறக்கும் என்று வெயில் காலத்திலும் அதை நிறுத்தி வைத்திருப்பார். வாங்கி வந்த கருவி, பில், ஒப்பந்தம் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். அவர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"லைசென்ஸை சென்னை பேட்டன்ட் ஆபீஸ்ல பதிவு பண்ணீங்களா? அது இல்லன்னா காப்பியடிச்சவன்மேல நீங்க கேஸ் போட முடியாது. பாதிப் பேரு அதை வுட்டுட்டுத்தான் வந்து நிப்பாங்க."

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர் கம்ப்யூட்டரில் தேடினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். பதிவேட்டில் என் பெயரும் பட்டறை முகவரியும் இருந்தன. சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று மேடம் கையெழுத்து வாங்கிப்போன அந்தப் பேப்பர்தான். "அந்தம்மா தெளிவா இருந்திருக்காங்க. இதுனாலதான் உங்களுக்கு வழக்குப் போடற உரிமையே வந்திருக்கு," என்றார் வக்கீல்.

இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். ஏமாற்ற நினைக்கிறவர் எனக்கு வழக்குப் போடும் உரிமையைத் தானே அலைந்து வாங்கித் தருவாரா? ஆனால் சந்தேகக்காரன் மூளை வேறு மாதிரி வேலை செய்யும். நம் கண்ணைக் கட்டத்தான் இதையெல்லாம் செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

வக்கீல் அடுத்ததைச் சொன்னார். "லைசென்ஸ்காரர் கேஸ் போடறப்ப பேட்டன்ட் வச்சிருக்கவுங்களும் வழக்குல இருக்கணும். அவுங்க வந்து கையெழுத்துப் போட்டா வாதியா உங்க பக்கத்துல நிப்பாங்க. அப்பிடி வரலன்னா, அவுங்களைப் பிரதிவாதியாச் சேத்துதான் போடணும். எதிர்த்தரப்புல. சட்டம் அப்பிடி. ஒரு போன் பண்ணிக் கேட்டுடுங்க. வந்தாங்கன்னா கேஸ் இரும்பு மாதிரி நிக்கும்."

"கேக்க வேணாம் சார்."

"ஒரு வார்த்தைங்க."

"சார், திருட்டுல பங்கு இருக்கறவுங்களைப் போயி என்கூட வந்து நில்லுங்கன்னு எப்பிடிக் கேக்கறது? எதிர்த்தரப்புலயே போடுங்க. அப்பதான் உண்மை வெளிய வரும்."

வக்கீல் ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு எழுதிக்கொண்டார். காட்டுமன்னார்கோயில் தம்பி முதல் பிரதிவாதி. மேடம் இரண்டாம் பிரதிவாதி. பெயருக்குக் கீழே பெயர், ஒரே தாளில். அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

வழக்கு கடலூர் மாவட்ட கோர்ட்டில் பதிவாகி எண் கிடைத்தது. காப்பியை மேற்கொண்டு விற்கக்கூடாது என்று இடைக்காலத் தடையும் கிடைத்தது. சம்மன் போனது. மேடத்துக்கு அது வீட்டில் கொடுக்கப்படவில்லை. கல்லூரிக்குப் போய், ஸ்டாஃப் ரூமில், எல்லார் முன்னிலையிலும் கொடுத்திருக்கிறார்கள். நான் கொடுத்த முகவரி அது. வீட்டு முகவரியும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு என் போனில் அவரிடமிருந்து ஆறு அழைப்புகள். எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது. 'கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. யாரோ நம் கருவியைக் காப்பி அடிக்கிறார்கள் என்று இருக்கிறது. என்னை ஏன் சேர்த்திருக்கிறீர்கள் என்று புரியவில்லை. போன் எடுங்கள்.' நம் கருவி என்று எழுதியிருந்தார். அதை என் மனைவியிடம் காட்டி, "பாத்தியா, எப்பிடி நைஸா எழுதறாங்க," என்றேன். அவள் போனை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "இதுல நைஸா இன்னா இருக்குது? பாவம், பயந்துபோயி எழுதியிருக்காங்க," என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

முதல் வாய்தாவுக்கு மேடம் வரவில்லை. அவருக்காக ஒரு இளம் பெண் வக்கீல் வந்து ஒரு மனு கொடுத்தார். தனக்கும் முதல் பிரதிவாதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தன் பேட்டன்ட்டை மீறியது தனக்கே இந்தச் சம்மன் மூலம்தான் தெரியவந்தது, தன்னைப் பிரதிவாதியிலிருந்து எடுத்து வாதியாகச் சேர்க்க வேண்டும் என்று இருந்தது அந்த மனுவில். என் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "ஜெயிச்சிட்டோம்," என்றார். நான் மட்டும், இது என்ன புதுத் தந்திரம் என்று மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

காட்டுமன்னார்கோயில் தம்பியின் பதில் மனு அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது. வக்கீல் போன் செய்து வரச்சொன்னார். குரலே ஒரு மாதிரி இருந்தது. போனேன். பதில் மனுவோடு இணைத்திருந்த ஒரு கலர் போட்டோவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

என் பட்டறை. ஆயுத பூஜை அன்று எடுத்த படம். எங்கள் பட்டறைகளில் எல்லாம் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு மெஷின்களைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பதோடு நிற்க மாட்டோம். அந்த வருடம் புதிதாகச் செய்த பொருளை முன்னால் வைத்துத்தான் படைப்போம். முழுசாக வைத்தால் உள்ளே இருக்கும் பாகத்துக்குப் பூஜை சேராது என்று, பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைப்போம். அன்றைக்கு நானே என் கையால் புது மாடலைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கத்தி, கைப்பிடி, ஸ்பிரிங், தொட்டில் என்று வரிசையாக வாழையிலையில் அடுக்கியிருந்தேன். தொட்டிலின் சாய்வுத் துளைக்குள் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகியும் வைத்திருந்தேன். ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்து வைத்தவன் அன்றைக்கு மட்டும் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, வந்தவனுக்கெல்லாம் பொரிகடலை கொடுத்தேன். அது போதாதென்று நானே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

அந்தத் தம்பி ஒரு தடவை விலை விசாரித்து எனக்குப் போன் செய்திருக்கிறான். என் நம்பர் அவனிடம் இருந்தது, அவன் நம்பரை நானும் பதிந்து வைத்திருந்தேன். ஸ்டேட்டஸைப் பார்த்தான், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டான். பதில் மனுவில் அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'வாதி தானே பொதுவெளியில் காட்டியதைப் பார்த்துச் செய்தேன். பேட்டன்ட் இருப்பது தெரியாது.' படித்தது மெக்கானிக்கல், மேடம் நடத்துவது விவசாயப் பொறியியல். அவரை அவன் நேரில் பார்த்ததே கிடையாது. அவர் மேஜைமேல் கிடந்த கூரியர் உறை அந்த ஊரில் வேறு யாரோ அனுப்பியதாகத்தான் இருக்க வேண்டும்; யார் என்று நான் கேட்கக்கூட இல்லை.

வக்கீல் கேஸைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். துளை பேட்டன்ட்டில் இல்லாதது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஸ்பிரிங் தொட்டிலை மீறியிருக்கிறான், அது போதும், பேட்டன்ட் தெரியாது என்று சொல்லி அவன் தப்பிக்க முடியாது என்றார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்த மஞ்சள் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சிதம்பரத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கீழவீதியில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு ஹோட்டலில் காபி குடித்தேன். அவர் தெரு முனைவரைக்கும் நடந்தேன். என்ன சொல்வது? உங்களைத் திருடி என்று நினைத்தேன், கோர்ட்டிலும் அப்படித்தான் எழுதிக்கொடுத்தேன், இப்போது இல்லை என்று தெரிந்துவிட்டது என்றா? கொஞ்ச நேரம் நின்றேன். மேடத்தின் அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் என்னைப் பார்ப்பதற்குள் திரும்பி வந்துவிட்டேன். கேஸ் முடியட்டும், அப்புறம் ஆற அமரப் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெறும் கோழைத்தனம் அது.

கோர்ட் எங்களை சமரச மையத்துக்கு அனுப்பியது. அதே வளாகத்தில் ஒரு சின்ன அறை. ஒரு நீள மேஜை, நடுவில் சமரசம் செய்யும் பெண் வக்கீல், இந்தப் பக்கம் நானும் என் வக்கீலும், எதிரே அந்தத் தம்பி. அவனை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். முப்பது வயதுகூட இருக்காது. கையில் என்னுடைய அதே கிரீஸ். மேடம் கடைசியாக வந்தார். மனு ஏற்கப்பட்டு அவர் இப்போது இரண்டாம் வாதி. என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

தம்பி முதலில் பேசினான். "மேடம், நான் செஞ்சது தப்புதான். படத்தைப் பாத்தேன், நல்லா இருந்துச்சு, செஞ்சிட்டேன். உங்களைக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். செஞ்சி வச்சிருக்கறதையெல்லாம் ஒப்படைச்சிடறேன். இனிமே செய்ய மாட்டேன். எழுதிக் குடுக்கறேன்." கொஞ்சம் தயங்கினான். "வெல்டிங் ஒழுங்கா இல்லன்னு நீங்க உங்க வக்கீல் மூலமா சொல்லி அனுப்புனீங்கல்ல, அதையும் பாத்தேன். கரெக்ட்டு மேடம்."

அவன் எழுதிக்கொடுத்தால் போதும் என்று மேடம் சொன்னார். நஷ்டஈடு கேட்கவில்லை. நான் தலையாட்டினேன். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்போல் இருந்தது. அப்போது மேடம் சமரச வக்கீலைப் பார்த்துப் பேசினார்.

"இன்னொண்ணும் இதுலயே எழுதிடுங்க. இவருக்குக் குடுத்த லைசென்ஸ் அடுத்த வருஷம் பங்குனியோட முடியுது. அதுக்கப்புறம் இவருக்குக் குடுக்கறதா இல்ல. அந்தத் தம்பிக்குத்தான் குடுக்கப்போறேன். அதுவரைக்கும் அந்தத் தம்பி செய்யக்கூடாது."

என் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், அவன் திருடுனவன்," என்றேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. களைப்பாக இருந்தார்.

"ஆமாங்க. திருடுனாரு. திருடுனேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. எங்க வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டு, காப்பி யாரும் அடிக்கலன்னு சொன்னது நீங்க. யாராச்சும் செய்யறாங்களான்னு நான் கேட்டேன். நீங்க ஒரு வார்த்தை என்னைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஸ்டாஃப் ரூம்ல அந்தச் சம்மனை வாங்குனப்ப, திருட்டுக் கேஸான்னு பக்கத்துல இருந்தவுங்க கேட்டாங்க. என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இப்பவரைக்கும் நீங்க என்னைக் கேக்கவேயில்ல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் தலையசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தம்பி எழுந்து நின்று இரண்டு கையாலும் தாளை வாங்கிக்கொண்டான். என்னிடம், "அண்ணே, அந்தத் தொளை உங்க ஐடியாதானாமே, சூப்பர் அண்ணே," என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே சொன்னான்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். பட்டறையில் இருக்கிற மற்ற நான்கு பேரிடமும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மேடமும் அந்தத் தம்பியும் படியிறங்கி, பேசிக்கொண்டே கேட்டை நோக்கிப் போனார்கள். ஸ்பிரிங்கைப் பற்றித்தான் பேசினார்கள், ஒரு வார்த்தை காதில் விழுந்தது. அவ்வளவும் நடந்த பிறகு, எல்லாம் என் தப்பு என்று தெரிந்த பிறகு, அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் போவதைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. இதெல்லாம் முன்னாடியே பேசி வைத்ததாக இருக்குமோ என்றுதான் வந்தது.